கையெழுத்துப் போடாத புரூஃப்

அன்புள்ள மகன் செல்வத்துக்கு,

கடிதம் என்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இன்று 'ஆவல்' என்று எழுதக் கை வரவில்லை. இங்கே நானும் உன் அம்மாவும் அவள் தம்பி வேலு மாமாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் தனமும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கையில் செல்போன் இருக்க, அப்பா எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ நடுவில் 'சரிப்பா, சரிப்பா' என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று பாதியில் விட்டுவிடுவேன். அப்படிப் பாதியில் விட்டே பதினைந்து வருடம் ஓட்டிவிட்டேன். காகிதம் குறுக்கே பேசாது.

செவ்வாய்க்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. நான் வேலையை விட்டு நின்ற பிறகும் சீசன் நேரத்தில் லேபிள் புரூஃபுகளைப் பிழை திருத்த இங்கே ஆமத்தூருக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவது உனக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் முதலாளி 'கண்ணாடிக்காரர் பார்த்தாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினை ஓட்டச் சொல்வார். கவரில் மூன்று பட்டாசு லேபிள்கள். தரைச்சக்கரம் ஒன்று, பென்சில் ஒன்று, புஸ்வாணம் ஒன்று. நான் கேள்விப்படாத புதுக் கம்பெனிப் பெயர். புஸ்வாணத்தில் மட்டும் பெரியது என்பதற்கு 'பிக்' என்று ஆங்கிலத்தில் மூன்று சிவப்பு எழுத்து, சுற்றி மஞ்சள் ஓரம். கூடவே ஆர்டர் கொடுத்தவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு: 'பிக் என்ற எழுத்தை இன்னும் பெரிதாகப் போடவும்.' அந்த 'ற'வுக்கு வால் நீண்டு அடுத்த வரி வரை தொங்கியது. அப்படி எழுதாதே என்று ஒன்பதாம் வகுப்பு வரை உன் தலையில் கொட்டியவன் நான். அந்த வாலைப் பார்த்ததும் ஆர்டர் உன்னுடையது என்று தெரிந்துவிட்டது.

நீ சிவகாசியில் பேப்பர் கடையில் வேலை பார்க்கிறாய் என்றுதான் நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். உடனே உனக்குப் போன் போட்டேன். நீ மறைக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். "ஆமாப்பா, பட்டாசு ஆலைல நாலு ரூம்பு குத்தகைக்கு எடுத்துருக்கேன். போர்மேன் பயிற்சியும் முடிச்சுட்டேன். வெள்ளிக்கிழம பூச, திங்கக்கிழமைல இருந்து ஆளுக வருவாக. சொன்னாப் பயப்படுவீகன்னுதான் சொல்லல," என்றாய். தைரியம் சொல்வதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாய். "நான் வேலு மாமா மாதிரி இல்லப்பா. அவுக அன்னைக்கு அசந்துட்டாக. நான் கவனமா இருப்பேன்." நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சொல்வதற்கு முன் 'பிக்' என்ற அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுமையாகப் படி. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எனக்கு எதையும் யோசிக்க வரும், அது என் பிழைப்பு தந்த வியாதி. நீ ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒருநாள் லேபிள் கழிவுத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே, "ஏம்ப்பா, இது மூணே எழுத்துத்தான இருக்கு, இதுக்குப் போயி பெருசுன்னு ஏன் அர்த்தம்?" என்று கேட்டாய். நான் திருமங்கலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் ஆயிரம் முறை படித்துத் திருத்திய சொல். அதன் பூர்வீகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தேடினேன். மூலம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. அவ்வளவு படித்தவர்களுக்கே தெரியவில்லையாம். கடல் தாண்டி வந்த நார்வேக்காரர்கள் விட்டுப்போன சொல்லாக இருக்கலாம், அங்கே ஒரு வட்டாரத்தில் வலுத்த ஆளைக் குறிக்க இதே சாயலில் ஒரு சொல் உண்டு என்று ஒரு ஊகம் மட்டும் இருந்தது.

அதைவிட எனக்கு ஆச்சரியம், அந்தச் சொல் பிறக்கும்போது அளவைக் குறிக்கவே இல்லை. வடக்கு இங்கிலாந்தில் முதலில் அதற்குப் பலம், அதிகாரம், செல்வாக்கு என்றுதான் அர்த்தம். அளவைச் சொல்ல அவர்களிடம் வேறு சொற்கள் இருந்திருக்கின்றன. பலசாலியைச் சொல்லிச் சொல்லி, பிறகுதான் பருமனுக்கு வந்திருக்கிறது. உனக்கு அன்றைக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா? "நம்ம ஊர்ல பெரிய மனுஷன்னா உயரத்தவா அளக்காக? அதே மாதிரிதாம்ல," என்றேன். நீ உடனே, "அப்ப நானும் பெரிய ஆளா ஆவேம்ப்பா," என்றாய். நான் சிரித்து உன் முதுகைத் தட்டினேன். ஆகு, நல்லா ஆகு என்றேன். எந்தத் தகப்பன்தான் வேண்டாம் என்பான்? ஆனால் நீ இப்போது எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி எழுதியிருக்கிற சீட்டைப் பார்க்கும்போது, அன்றைக்குத் தட்டிய கை கூசுகிறது.

அகராதியில் பின்னாலும் அர்த்தங்கள் வளர்ந்துகொண்டே போயின. வளர்ந்தவன் என்று ஒன்று. வாய்ச்சவடால் பேசுவது என்று ஒன்று. நம் ஊரிலும் 'பெருசாப் பேச வந்துட்டான்' என்கிறோமே, அதுதான். வயிற்றில் பிள்ளை உள்ளவளையும் அந்தச் சொல்லால் சொல்லியிருக்கிறார்கள். நீ சின்னப் பையன் என்று அதை மட்டும் உனக்குப் படித்துக் காட்டவில்லை. இப்போது தனத்துக்கு ஆறாம் மாதம். போன மாதம் இங்கே வந்தபோது அவள் கையை ஊன்றி எழுந்திருக்க, நீ தண்ணீர்ச் செம்பை வாங்கி வைத்தாய். அதைப் பார்த்து உன் அம்மா அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்தாள், சந்தோஷத்தில்தான். எனக்கு இப்போது அந்தக் காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. நம் மொழியில் 'பெரிய' என்பதை இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறோம், செல்வம். சாவு வீட்டுக்குப் போய் வந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், 'ஒரு பெரிய காரியம்' என்பார். அந்த அர்த்தத்தை என் வீட்டு வாசலில் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இனி வேலு மாமாவைப் பற்றி. உனக்குத் தெரிந்தது இவ்வளவு: மாமா ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தார், தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் மிச்ச வெடிமருந்தை அழிக்காமல் அறையில் விட்டுவிட்டார், மறுநாள் காலையில் அது பிடித்துக்கொண்டது, வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் தவிர மற்றவை போய்விட்டன, பாதி முகம் வெந்தது, கவனக்குறைவு. வீட்டிலும் ஊரிலும் இப்படித்தான் சொல்வார்கள். பஸ் நிறுத்தத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் அவர் பெருவிரலால் டோக்கனை அழுத்திப் பிடித்துக் கொடுப்பதை நீ பார்த்து வளர்ந்தாய். அந்தக் கை உனக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. தப்பான பாடம். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பதினைந்து வருடத்துக்கு முந்தின அந்தத் தீபாவளிக்கு அந்த ஆலைக்கு லேபிள் அச்சடித்தது எங்கள் அச்சகம். அதற்கு முந்தின வேலை வேறொரு கம்பெனியின் பெரிய புஸ்வாணம். இவர்கள் கேட்டது சின்னது. படமும் நிறமும் ஒரே சாயல். பழைய லேபிளையே எடுத்துக் கம்பெனிப் பெயரை மாற்றியவர்கள் அளவைச் சொல்லும் அந்த ஒரு சொல்லை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். புரூஃப் என்னிடம் வந்தது. கம்பெனிப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், விலாசத்தைப் பார்த்தேன், எச்சரிக்கை வரியைப் பார்த்தேன். 'பிக்' என்பதைப் பார்க்கவில்லை. ஆயிரம் முறை பார்த்த சொல், அது அங்கே இருப்பதுதான் என் கண்ணுக்கு இயல்பாக இருந்தது. 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டேன். நாலு கலரில் மொத்த லாட்டும் ஓடி, வெட்டி, கட்டுக்கட்டாக அடுக்கிய பிறகுதான் தெரிந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மறுபடி அடிக்கத் தாளும் இல்லை, மெஷினும் சும்மா இல்லை. அச்சக முதலாளி என்னைத் திட்டவில்லை. "நீங்களே ஒரு வழி சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

வெளியூர்க்காரனுக்கு இது விளங்காது. வெடிக்குத் தகுந்த லேபிள் என்று அவன் நினைப்பான். சீசனில் நம் பக்கம் லேபிளுக்குத் தகுந்த வெடிதான். அடித்த தாளை யாரும் கிழிக்கமாட்டார்கள். நான் ஆலைக்குப் போனேன். வாசலுக்கு எதிரே டீக்கடையில் வேலு மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மாப்ள, சின்னதுக்குப் பதிலா இந்தத் தடவ பெருசாவே போட்டுர முடியாதா?" என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அத்தான், கூம்பு பெருசுன்னா மருந்து எம்புட்டு கூடும்னு நெனைக்கீக? ரூம்புக்கு நாலு பேருதான். காயப்போட அங்கன எடமும் இல்ல. மழை வேற வருது. எனக்குப் பயமா இருக்கு," என்றார். இந்த வார்த்தையை நன்றாகக் கவனி. எனக்குப் பயமா இருக்கு என்று அவர் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மூணு வாரந்தான மாப்ள. ஒன்ன மாதிரி கவனமான ஆளு இருக்கையில என்ன பயம்? அக்காவ நெனச்சுப் பாரு, எனக்கு வேல போயிரும்," என்றேன்.

அக்கா பெயரைச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். அவரே போய் ஆலை முதலாளியிடம் பேசினார். முதலாளிக்குக் கசக்குமா, வடக்கே பெரியதற்குத்தான் கிராக்கி என்று உடனே சரி என்றுவிட்டார். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள், அடுத்த வாரம் எட்டுப் பேர். ஒருநாள் சாயங்காலம் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. வேன் கிளம்ப நிற்கிறது, கலந்த மருந்து ஒரு தட்டு மிச்சம். எப்போதும் அன்றன்று போதுகிற அளவு மட்டுமே கலந்து, மிச்சத்தை அன்றே அழிக்கிற மனுஷன், காலையில் இதுவும் வேண்டியிருக்கும் என்று முதன்முறையாக மூடி வைத்துவிட்டு வந்தார். ஈரக்காற்றுப் பட்டால் அலுமினியத் தூள் கலந்த மருந்து உள்ளுக்குள்ளே சூடேறும் என்று உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். மாமாவுக்குப் பயிற்சி இல்லாமலே தெரியும்.

மறுநாள் காலையில் வேன் வந்ததும் யாரையும் உள்ளே விடவில்லை. "எல்லாரும் வேப்பமரத்தடியிலயே நில்லுங்க, நான் போயிப் பாத்துட்டுக் கூப்பிடுதேன்," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். அந்த மரத்தடியில் நின்றவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி. அப்போது அவள் அங்கேதான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பிழைவிட்ட லேபிளை. சத்தம் கேட்டு அவள் ஓடினாளாம், மற்றவர்கள் இழுத்துப் பிடித்தார்களாம். அவள் இன்றைக்கும் அவ்வளவுதான் சொல்வாள், அதற்குமேல் பேசமாட்டாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் உராய்வு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொந்தக்காரர்கள் கூடி நின்று, இவ்வளவு சூதானமான பிள்ளைக்கு எப்படி இப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அப்போது, "என்ன செய்ய, கொஞ்சம் கவனக்குறைவு," என்று ஒரு குரல் சொன்னது. செல்வம், அந்தக் குரல் என்னுடையது. அந்த வார்த்தையை முதலில் சொன்னவன் நான். அதற்குப் பிறகு எல்லாரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். உள்ளே கட்டுப் போட்டுக் கிடந்தவர் காதிலும் அது விழுந்திருக்கும். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் யாருக்கும் தெரியாது. இந்த விபத்துக்கு மூலம் எது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு நேற்றுவரை தெரியாது. நேற்று மத்தியானம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய்த் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆகவே, 'நான் கவனமா இருப்பேன்' என்று நீ சொன்னபோது என் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. உன் மாமாவைவிடக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. அவர் அசரவில்லை; நாங்கள் அவரை நெருக்கினோம். உன்னையும் நெருக்குவார்கள். வடக்கேயிருந்து போன் வரும், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும், அடித்த லேபிள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். லைசென்ஸ் வேறு ஆள் பெயரில் இருக்கும், அறை மட்டும் உன் பொறுப்பில் இருக்கும். அந்த நேரத்தில் உனக்குப் பிரியமான ஒருவர் டீக்கடைக்குக் கூப்பிட்டு, மூன்று வாரந்தானே என்பார். வேறு யாரும் இல்லை, உன் அப்பனைப் போல ஒருவர்தான் கேட்பார். அவரிடம் முடியாது என்று சொல்ல உனக்கு வருமா? வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீ நல்ல பிள்ளை, அதுதான் என் பயம்.

நாலு அறையையும் விட்டுவிட்டு வா என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் பிறந்துவிட்டு வேறெங்கே போவேன் என்று நீ கேட்பாய். பூஜைக்குச் சொல்லியாகிவிட்டது என்பாய். பூஜை போடு. ஆனால் திங்கட்கிழமை ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஆமத்தூருக்கு வா. என் பக்கத்தில் உட்கார வேண்டாம், மாமா பக்கத்தில் உட்கார். அவர் அசந்துவிட்டார் என்று போனில் சொன்னாயே, அதற்கு அவரிடம் ஒரு மன்னிப்புக் கேள். நான் கேட்க வேண்டியதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலையில் இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு பேர் சைக்கிள் எடுக்க வந்தார்கள், டோக்கனை வாங்கிப் போட்டுவிட்டு, "மேல வாசிங்க அத்தான்," என்றார். முடித்ததும், "இத எதுக்கு இப்பப் போயி எழுதுனீக," என்றார். பிறகு, "எழுதுனது எழுதிட்டீக. அவன்ட்ட கவனமா இருன்னு மட்டும் சொல்லி விட்றாதீக. பயமா இருந்துச்சுன்னா வேலய நிப்பாட்டச் சொல்லுங்க. எனக்குப் பயந்தான் இருந்துச்சு, நிப்பாட்டத்தான் தெரியல," என்றார். நான் மன்னித்துவிடு மாப்ள என்றேன். அவர் உன் புரூஃபைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

அந்தப் புரூஃபைத்தான் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். தரைச்சக்கரத்துக்கும் பென்சிலுக்கும் கையெழுத்துப் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். புஸ்வாணத்துக்குப் போடவில்லை. நான் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள் என்பதும் தெரியும். லேபிளில் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கிறுக்கல் இருக்கும், பார். அது என் கை இல்லை. விபத்துக்குப் பிறகு மாமா பேனா பிடித்ததில்லை என்பது உனக்குத் தெரியும், வங்கியில்கூடக் கைநாட்டுத்தான். இன்று பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே என் பேனாவை இடுக்கி, முழங்காலில் தாளை வைத்து, வெகுநேரம் எடுத்து எழுதினார். ரூம்புக்கு எத்தனை பேர் என்று அவன் அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கோடு நடுங்கிப் போய்க் கோணலாக விழுந்திருக்கிறது. உனக்குப் படிக்க வரவில்லை என்றால் நான் சொல்கிறேன், செல்வம். அது நாலு.

உன் அப்பா